எலுமிச்சைக் காவல்

ஈப்போ கிளினிக்கிலிருந்து மருந்தோடு மலையேறும்போதெல்லாம் நான் கடத்தல்காரனைப் போலத்தான் காடி ஓட்டினேன். பின்சீட்டில் நீல நிற ஐஸ் பெட்டி. அதற்கு பெல்ட் போட்டிருந்தேன். முன்சீட்டில் என் மனைவி. அவள் பெல்ட் போட்டாளா என்று நான் பார்க்கவில்லை. தாப்பாவைத் தாண்டியதும் அதைச் சொல்லிக்காட்டினாள்.

"பெட்டிக்கு பெல்ட்டு போட்டாச்சு. பொண்டாட்டி சொந்தமா போட்டுக்கணும்போல."

"வளைவுல பெட்டி உருளும். நீ உருள மாட்ட."

"ரிங்லெட் வர்ற வரைக்கும் பேசாம ஓட்டுங்க."

வழியில் போலீஸ் தடுப்பு இருந்தால் என்ன சொல்வது என்று மலாயில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "உபாட் இஸ்திரி, துவான்." மனைவியின் மருந்து, ஐயா. பெட்டிக்குள் ஊசிகள், சிறு குப்பிகள், வெள்ளைப் பவுடர். இதை வைத்துக்கொண்டு மலாய் சரியாக வராவிட்டால் என் கதி என்ன? ஒருநாள் உண்மையாகவே தடுப்பு இருந்தது. அந்தப் போலீஸ்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே கையை ஆட்டி எங்களைப் போகச் சொன்னார். அவர் ஏன் சோதிக்கவில்லை என்று ரிங்லெட் வரை சந்தேகப்பட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் சூப்பர்வைசர். மலையிலிருந்து லோரியில் வரும் கொழுந்தைச் சாக்கிலேயே விட்டுவைத்தால் உள்ளே சூடு பிடித்துச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தை எந்தச் சாமி வந்தாலும் திரும்பப் பச்சையாக்க முடியாது. கையை உள்ளே விட்டாலே எனக்கு அது தெரிந்துவிடும். ஆனால் இந்த மருந்துக் குப்பியை எப்படித் தொட்டுப் பார்ப்பது? வாசனை கிடையாது, நிறம் மாறாது. கெட்டுப்போனாலும் நல்ல பிள்ளை மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்டவர்களைத்தான் நான் வாழ்க்கையில் நம்புவதே இல்லை.

இது எங்களுக்கு இரண்டாவது முயற்சி. முதல் தடவை பேனா மாதிரி இருந்த ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வளர்ந்ததை வெளியே எடுத்துக் கருவாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்கேன் பார்த்த டாக்டர், முட்டை வளரவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். திரும்பும் வழியில் ரிங்லெட்டில் இறங்கி இரண்டு அவித்த சோளம் வாங்கினாள். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை வீடு வரை மடியிலேயே வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

கொஞ்ச காலம் கழித்து டாக்டர் வேறு மருந்தில் மறுபடி முயலலாம் என்றபோது, அவள் என்னிடம் ஒன்று சொன்னாள்.

"இதுதான் கடைசி. இதுலயும் நடுவுல நிறுத்தச் சொன்னாங்கன்னா, அதோட நாமளும் நிறுத்திக்கலாம். அப்புறம் நீங்க எங்கயாவது கேள்விப்பட்டேன்னு வந்து நிக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். ஆனால் முதல் தடவை ஏன் வளரவில்லை என்பதை உள்ளுக்குள் நான் ஏற்கெனவே துப்புத் துலக்கி முடித்திருந்தேன். டாக்டர் வயது என்றார். வயதை என்ன செய்ய முடியும்? நான் ஃபிரிட்ஜ் என்று முடிவு கட்டினேன். ஃபிரிட்ஜை மாற்றலாம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் எனக்கு இரண்டு சந்தேகம். மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் போய்விடும், இது ஒன்று. இரண்டாவது என் அக்கா. பக்கத்து வீட்டில் இருக்கிறாள். பேசிக்கொண்டே எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து, பேச்சு முடிந்தபிறகுதான் மூடுவாள். அவள் எதையும் எடுக்க மாட்டாள், சும்மா பார்ப்பாள். அவள் பார்த்தால் லயம் பார்த்த மாதிரி.

எஸ்டேட்டில் நான் நம்பிய ஃபிரிட்ஜ் ஒன்றே ஒன்றுதான். மாரியம்மன் கோயில் பின்கட்டில், அபிஷேகப் பாலுக்கும் பூவுக்கும் என்று யாரோ உபயமாகக் கொடுத்தது. கதவில் உபயதாரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கரண்ட் போனால் கோயிலுக்கு ஜென்செட் உண்டு. சாவி இரண்டு பேரிடம்தான்: ஒன்று பூசாரியிடம், மற்றது கோயில் கமிட்டி செயலாளரிடம். அந்தச் செயலாளர் நான்தான். எனக்கு அந்தப் பதவியால் கிடைத்த ஒரே லாபம் இது.

புது மருந்து வாங்கி வந்த அன்று, ஐஸ் பெட்டியோடு லயத்து முனையில் அக்காவிடம் மாட்டிக்கொண்டேன்.

"பெட்டில என்னடா?"

"மீனு."

"வெள்ளிக்கெழம மீனா?"

"நாளைக்குக்கா."

எவ்வளவு சாமர்த்தியமான பதில் என்று என்னையே மெச்சிக்கொண்டு, அவள் கண் முன்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். அதில் இருந்த தப்பு பிறகுதான் உறைத்தது.

மருந்து அட்டைப்பெட்டிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ் டிராயரில் வைத்தேன். டின் மூடியின் மேல் ஒரு எலுமிச்சம்பழம், காம்பு கதவைப் பார்க்கும்படி. யாராவது டின்னைத் தொட்டால் எலுமிச்சை உருளும், காம்பு திசை மாறும். காவலுக்கு ஆள் போட்டாயிற்று.

அதன்பிறகு தினமும் ஃபேக்டரி முடிந்ததும் சாயங்கால பூசைக்குப் போவேன். தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் பின்கட்டுக்கு நழுவி, எலுமிச்சையை விசாரித்து, அன்றைக்கு வேண்டிய மருந்தை எடுத்து டிஃபன் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். நான் திடீரென்று பக்திமானாகிவிட்டதாக எஸ்டேட்டில் பேச்சு. பூசாரி எனக்குப் பொங்கலை இரண்டு கரண்டி போட ஆரம்பித்தார். ஏன் இரண்டு கரண்டி என்று அதையும் யோசித்தேன்.

வீட்டில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. பவுடரில் தண்ணீர் மருந்தைக் கலந்து ஊசியில் ஏற்றுவது நான். தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைப் பிடித்துக் குத்திக்கொள்வது அவள். குத்தும்போது நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"போட்டாச்சா?"

"எப்பவோ போட்டாச்சு. காலண்டர்ல என்ன பாக்குறீங்க, ராகு காலமா?"

அவள் எஸ்டேட் டீக்கடையில் சுற்றுலாக்காரர்களுக்கு டீ ஊற்றுகிறவள். கொதிக்கும் கெட்டிலை ஒரு கையால் தூக்குவாள். அந்தக் கைக்கு ஒரு சின்ன ஊசி எம்மாத்திரம் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நிம்மதி பொறுக்காமல் ஒருநாள், கொழுந்து வாடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மருந்து எதிலிருந்து செய்யப்படுகிறது என்று ஃபோனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது.

சாயங்காலம் அவளிடம், "ஒன்னு சொல்றேன், பயப்படாத" என்றேன்.

"நீங்க பயந்துட்டீங்க. சொல்லுங்க."

"இந்த மருந்து வயசான பொம்பளைங்களோட மூத்திரத்துலேர்ந்து எடுக்குறதாம்."

"தெரியும். மிஸ்ஸி சொன்னாங்க." கிளினிக்கில் எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த நர்ஸைத்தான் மிஸ்ஸி என்றாள்.

"தெரியுமா? நான் அத அம்மனோட பாலுக்குக் கீழ வச்சிருக்கேன்லா."

அவள் கடை ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "கோயில்ல ஹோமம் நடந்தப்ப கோமியம் தெளிச்சாங்களே, தலைய நீட்டிக்கிட்டு மொத ஆளா நின்னது யாரு?"

"அது மாடு."

"மாட்டோடதுன்னா புண்ணியம், மனுசியோடதுன்னா தீட்டா? சுத்தம் பண்ணித்தான் குடுக்குறாங்க. எந்த ஊரு பொம்பளைங்களோ, நல்லா இருக்கட்டும். நீங்க போயி கலக்குங்க."

கலக்கினேன். ஆனால் அன்றிலிருந்து தீபாராதனையின்போது அம்மன் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

அடுத்து கமிட்டித் தலைவர் வந்தார். பழைய கங்காணி, ஓய்வு பெற்றபிறகும் நடையில் இன்னும் கங்காணிதான். ஃபேக்டரி வாசலில் என்னை நிறுத்தினார்.

"செக்ரட்டரி, கோயிலு ஃபிரிட்ஜ்ல மீனு இருக்குன்னு ஒரு பேச்சு."

எனக்கு அக்காவின் முகம் கண் முன்னால் வந்து போனது. "யாரு சொன்னா? வேணும்னா போயி மோந்து பாருங்க."

"பாத்துட்டேன். மீனு வாட இல்ல. அதான் எனக்கு சந்தேகமா இருக்கு."

"வாட இல்லைன்னா சந்தேகம் போயிருக்கணுமே?"

"நீ சம்பந்தப்பட்டதுன்னா எனக்கு அப்படி போகாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆக, ஒருத்தர் ஃபிரிட்ஜைத் திறந்து மூக்கை நீட்டியிருக்கிறார். கீழ் டிராயர் வரை போனாரா? அன்று சாயங்காலம் ஓட்டமாகப் போய்ப் பார்த்தேன். எலுமிச்சை அசையாமல் கடமையில் இருந்தது. அதைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிராயரைத் திறந்தபோது காம்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டின்னைத் திறந்தேன். அட்டைப்பெட்டிகள் எல்லாம் இருந்தன. ஆனால் மேலாக இருந்த பெட்டியின் நெற்றியில், நெற்றி என்றுதான் சொல்ல வேண்டும், குங்குமப் பொட்டு.

பூசாரி முன்மண்டபத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர், சாதுவான மனிதர். சாதுவானவர்களிடம் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"சாமி, ஃபிரிட்ஜ யாராச்சும் தொறந்தாங்களா?"

"நாந்தான் தொறக்குறேன். பால் எடுக்கணும்ல."

"கீழ் டிராயர?"

"எலுமிச்ச எடுக்கணும்ல."

"அதுல ஒரு பிஸ்கட் டின்னு."

"நமக்கு பிஸ்கட் ஆகாது சார். சுகர்."

"டின்னுக்குள்ள குங்குமம் இருக்கு சாமி."

"கோயில்ல குங்குமம் இருக்காம மொளகாப்பொடியா சார் இருக்கும்?"

நான் நகரவில்லை. அவர் திரியைச் சரி செய்தார், எண்ணெய் விட்டார், கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மா காலடியில கொஞ்ச நேரம் வச்சு பூசை பண்ணிட்டு எடுத்துட்டேன். யாரு வைக்கச் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

எங்கள் எஸ்டேட்டில் இது வழக்கம்தான். புது மோட்டார் சைக்கிள் சாவி, பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனா, எல்லாம் அம்மன் காலடிக்குப் போய் ஒரு பொட்டோடு திரும்பி வரும். ஆனால் சாவிக்குச் சூடு பட்டால் ஒன்றும் ஆகாது. கருவறைக்குள் சுற்றிலும் எண்ணெய் விளக்கு, போதாததற்குக் கற்பூரம். என் கண்ணுக்கு மருந்து தெரியவில்லை, சாக்குச் சாக்காய்ச் சிவந்துபோன கொழுந்துதான் தெரிந்தது.

ஃபேக்டரிக்கு ஓடி, வாட்டும் மாடியிலிருந்து தெர்மோமீட்டரை எடுத்துவந்து பூசாரியிடம் நீட்டினேன்.

"இத உள்ள கொண்டுபோயி அம்மன் காலடியில வைங்க சாமி."

அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் சார், அம்மாவுக்குக் காய்ச்சலா?"

வைத்தார். சிறிது நேரம் கழித்து எடுத்துவந்தபோது அது இருபதைத் தாண்டியிருந்தது. ஃபிரிட்ஜ் என்றால் எட்டைத் தாண்டக் கூடாது என்று பேனா ஊசிக் காலத்தில் படித்திருந்தேன். முடிந்தது கதை. இரண்டாவது முயற்சியும் போயிற்று, அதுவும் பூசை மரியாதையோடு.

வீட்டுக்கு வந்தபோது அவள் வயிற்றைத் துடைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் டிஃபன் கேரியரை மேசையில் வைத்து, கையால் மூடிக்கொண்டேன்.

"இத இன்னைக்குப் போட வேணாம். கெட்டுப் போயிருக்கும்." நடந்ததைச் சொன்னேன். பிறகு சந்தேக நபர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். "தலைவராத்தான் இருக்கணும். இல்ல அக்கா. அக்காவுக்கு மீனு இல்லைன்னு தெரிஞ்சதும் என்னன்னு பாக்கணும்னு கை அரிச்சிருக்கும். பூசாரி ரெண்டு கரண்டி பொங்கல் போட்டப்பவே நான் யோசிச்சேன்..."

"நான்தான்" என்றாள்.

"என்ன நான்தான்?"

"நான்தான் சாமிகிட்ட சொல்லி வைக்கச் சொன்னேன்."

சந்தேக நபர்கள் வரிசையில் அவளை நான் நிறுத்தவே இல்லை.

"போன தடவ யாருக்கும் சொல்லல. அம்மன்கிட்டகூட கேக்கல. மருந்து இருக்கு, டாக்டர் இருக்காங்க, வேற என்ன வேணும்னு தைரியமா இருந்தேன். நின்னு போச்சு. இந்த தடவ அப்படி விட மனசு வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

யோசித்தேன். அம்மனிடம் டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். அபிஷேகத்துக்கும் ஊசிதானா என்று கேட்டிருப்பேன். இரண்டு நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"ஜோக்கடிச்சிருப்பேன்."

"அதான் சொல்லல."

ஊசி போடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஸ்ஸிக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து, மருந்து சாமி காலடியில் இருந்தது, விளக்கு எரிந்தது, வெப்பம் இருபதைத் தாண்டியது என்று வாக்குமூலம் கொடுத்தேன். மறுமுனையில் இரண்டு மூன்று தடவை இருமல் கேட்டது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு புரிந்தது.

"அண்ணே, பவுடர் மருந்துதானே? அட்டைப்பெட்டிக்குள்ளயே இருந்துச்சா?"

"ஆமா."

"அதுக்கு ஃபிரிட்ஜே வேணாம்ணே. இருபத்தஞ்சுக்கு மேல போகாம, வெளிச்சம் படாம வச்சாப் போதும். ஒன்னும் ஆயிருக்காது, போடச் சொல்லுங்க. கேமரன் மலைக் குளிருல உங்க வீட்டு அலமாரியே ஃபிரிட்ஜு மாதிரிதானே. நான் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட அப்பவே சொன்னேனே. நீங்க ஐஸ் வாங்கணும்னு கீழ ஓடிட்டீங்க."

ஃபோனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன்.

"ஃபிரிட்ஜு வேணாம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப தெனமும் என்னைக் கோயிலுக்கு அலையவிட்டது?"

"வீட்டுல இருந்தா நிமிசத்துக்கு ஒருவாட்டி தொறந்து பாப்பீங்க. அப்புறம் என்னைப் பாப்பீங்க. அங்க இருந்தா உங்க சந்தேகமெல்லாம் அந்த எலுமிச்சையோட போயிரும்."

"எலுமிச்ச விசயம் உனக்கு யாரு சொன்னா?"

"சாமிதான். டெய்லி அதுகிட்ட நீங்க பேசுறீங்களாமே."

மருந்தைக் கலந்து கொடுத்தேன். அன்று காலண்டரைப் பார்க்கவில்லை. ஏமாற்றப்பட்டவன் என்ற கோபத்தில், இனி எதையும் கண்ணால் பார்த்துத்தான் நம்புவது என்று நேராக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி பிடித்த கை நடுங்கியது. கெட்டில் தூக்குகிற அதே கைதான். இன்றைக்கு மட்டும் நடுங்குகிறதா, தினமும் இப்படித்தானா? கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஆடுறீங்க" என்றாள். "தள்ளி உக்காருங்க, ஊசி எடம் மாறிடும்."

ஸ்கேனுக்கு ஈப்போ போனோம். போன தடவை நிறுத்தச் சொன்ன அதே அறை, அதே திரை. டாக்டர் கருவியை நகர்த்தினார். திரையில் திராட்சைக் கொத்து மாதிரி கறுப்பு வட்டங்கள். எனக்கு முதலில் மெஷின் மேல்தான் சந்தேகம் வந்தது. டாக்டர் ஒவ்வொன்றாக அளந்து எண்ணினார். நானும் எண்ணினேன். எனக்கு ஒன்று கூடுதலாக வந்தது.

"டாக்டர், அந்தப் பெருசா இருக்கறத விட்டுட்டீங்க."

"அது சிறுநீர்ப்பை" என்றார்.

படுத்திருந்த என் மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். திரையில் வட்டங்களும் சேர்ந்து குலுங்கின. அசையாதீர்கள் என்றார் டாக்டர், அவரும் சிரித்துக்கொண்டே. நன்றாக வளர்ந்திருக்கிறது, நிறுத்த வேண்டியதில்லை, மேலே போகலாம் என்றார். எடுத்தபிறகு அதில் எத்தனை கருவாகும், எது தங்கும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவர் இப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவரையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

முட்டை எடுப்பதற்கு முன்னால் போட வேண்டிய கடைசி ஊசியை மிஸ்ஸி தனியாகக் கொடுத்தார். "இது கண்டிப்பா ஃபிரிட்ஜ்லதான்" என்று இந்தத் தடவை என்னைப் பார்த்து, மெதுவாக, இரண்டு முறை சொன்னார்.

ரிங்லெட்டில் அவள் சோளம் வாங்கினாள். தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டு என்னுடையதையும் பிடுங்கிக்கொண்டாள்.

லயத்துக்கு வந்ததும் ஐஸ் பெட்டியை நான் எடுக்கப் போனேன். அவள் விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி, இது மீனு இல்ல. கொழந்தைக்காக நான் போட்டுக்கற ஊசி. கோயிலு ஃபிரிட்ஜ்ல வைக்கப் போறோம், நீங்களும் வாங்க."

அக்கா அவளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இதச் சொல்றதுக்கு உனக்கு வாய் இல்ல, மீனு பேரு மட்டும் வந்துச்சாடா?" செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். லயம் முழுக்கத் தெரிய இன்னும் கால்மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். ஆகட்டும் என்றும் தோன்றியது.

பூசாரியிடம் மனைவி விளக்கிச் சொன்னாள்: இது சூடு தாங்காது, அம்மன் காலடிக்கு வராது, ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. அவர் தாடையைச் சொறிந்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கென்னம்மா. அது வராதுன்னா நாம போவோம்."

கற்பூரத் தட்டோடு பின்கட்டுக்கு வந்தார். நான் டின்னைக் கீழ் டிராயரில் வைத்தேன். பழக்கதோஷத்தில் எலுமிச்சையை எடுத்த கையை அக்கா தட்டிவிட்டாள். பூசாரி ஒரு கையால் மணியடித்துக்கொண்டு, திறந்திருந்த ஃபிரிட்ஜுக்கு, பால் பாக்கெட்டுகளுக்கும் மல்லிகைச் சரத்துக்கும் பிஸ்கட் டின்னுக்கும் சேர்த்துத் தீபாராதனை காட்டினார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மனைவி கண்ணை மூடிக் கை கூப்பி நின்றாள்.

எனக்கும் வேண்டிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் கதவு திறந்திருக்கிறது, குளிர் வெளியே போகிறது, தட்டில் நெருப்பு வேறு. வாய்க்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கதவ சாத்துங்க சாமி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "இவரு எண்ண ஆரம்பிச்சிட்டாரு."